பெயரட்டை

புர்க்டோர்ஃப் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
இரண்டாம் மாடி. செஞ்சிலுவை வகுப்பு.
நூற்றிருபது மணித்தியாலம்.
பதினான்கு பேரில் ஆண்கள் இரண்டு:
எரித்திரியாவின் யோனாஸ்,
பிறகு நான். இருபத்தொரு வருடம்
ஒரு ஹோட்டலின் நிலவறையில் கோப்பை கழுவியவன்.
ஹோட்டலை மூடிவிட்டார்கள்.
வேலை அலுவலகம் போட்ட கடிதத்தில்
இந்தப் படிப்பின் பெயர் இருந்தது.

முதல் நாள் ரெகுலா சொன்னாள்:
இன்றைக்கு யாரும் தாங்களாகச் சாப்பிடக் கூடாது.
மிர்யேத்தா எனக்கு ஊட்டினாள், அப்ரிகோட் யோகட்.
கண்ணை மூடியிருந்தேன்.
கரண்டி எப்போது வரும் என்று தெரியாமல்
வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பது
எவ்வளவு நீளமான வேலை.
பல்லில் இடித்தது. நாடியில் வழிந்தது.
நான் கேட்காமலே துடைத்தாள்.
கோபம் வந்தது.
"அதை எழுதிவையுங்கள்" என்றாள் ரெகுலா,
"அந்தக் கோபத்தை. பிறகு தேவைப்படும்."

அடுத்த கிழமை துவாய்கள்.
முகத்துக்கு வெள்ளை, உடம்புக்கு நீலம்,
கீழே பழுப்பு. மாறவே கூடாது.
கழுவாத பாகத்தை மூடியே வை.
தண்ணீரை முதலில் உன் மணிக்கட்டில் பார்.
தொடுவதற்கு முன்னால் சொல்:
இப்போது இடது கை.
எல்லாம் ஜெர்மனில் மனப்பாடம்.
அந்தக் கீழ்ப்பாகத்தைக் கழுவுவதற்கு
அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது,
பாடப்புத்தகத்தில் தடித்த எழுத்தில், வெட்கப்படாத சொல்.
தமிழில் தேடினேன்.
கிடைத்ததில் பாதி சண்டையில் ஏசுவதற்கு,
மீதி டாக்டர் மட்டும் சொல்வதற்கு.

மச்சான் லண்டனிலிருந்து எடுத்தார்:
"அப்ப என்ன, துடைக்கிற வேலையோ?"
அவர் விழுங்கிய மிச்சமும்
எனக்குத் தெளிவாகக் கேட்டது.
எங்கள் பக்கத்தில்
மற்றவர் உடம்பை மழிக்க, அழுக்கை வெளுக்க, பிணத்தைச் சுமக்க
ஆட்கள் பிறந்துகொண்டே இருந்தார்கள்.
படிக்கத் தேவையில்லை, பிறந்தால் போதும்.
இங்கே அதற்கு
இரண்டாயிரத்துச் சொச்சம் பிராங் கட்டணம்,
எழுத்துப் பரீட்சை,
முத்திரை குத்திய ஒரு கடதாசி.

பயிற்சிக்கு இல்லத்தில் பதினைந்து நாள்.
பெயரட்டை அடித்துத் தந்தார்கள்.
இந்த நாட்டில் அப்பாவின் பெயர்தான் குடும்பப் பெயர்.
நான் ஒரு எழுத்து, பக்கத்தில் ஒரு புள்ளி;
மீதி அட்டை முழுக்க
அருளம்பலம்.

ஹெர் அருளம்பலம், பன்னிரண்டாம் அறையில் மணி அடிக்கிறது.
ஹெர் அருளம்பலம், பையை மாற்றியாயிற்றா?
ஹெர் அருளம்பலம், எனக்கு முதுகு கடிக்கிறது.

அப்பா
தான் சாப்பிட்ட கோப்பையை எடுத்து வைத்தவரில்லை.
முடி வெட்ட வந்த கந்தையரை
முற்றத்தோடு நிறுத்தியவர்.
தன்னிலும் பத்து வயது மூத்த மனிதரை "டேய்" என்றவர்.
தேத்தண்ணிக்கு அவருக்கென்று
வேலியில் கவிழ்த்துவைத்த ஒரு தகரப் பேணி.

அவருடைய பெயர் இன்று
காலை ஏழு பத்துக்குக் கையுறை மாட்டிக்கொண்டு
பழுப்புத் துவாயை நனைத்துப் பிழிந்து
ஹெர் சௌக்கின் பின்பக்கத்தைத் துடைக்கிறது.
மடிப்புகளுக்குள்ளும். அவசரமில்லாமல்.
தோல் சிவந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறது.

பழிவாங்கல் என்று முதலில் நினைத்தேன்.
ஒரு நிமிடம் இனித்ததும் உண்மை.
பிறகு ஹெர் சௌக்குக்குக் குளிர்ந்தது,
போர்வையை இழுத்து விட வேண்டியிருந்தது.

சுவரையே பார்த்துக் கிடந்தவர்
திரும்பி, என் நெஞ்சிலிருந்த அட்டையை
எழுத்துக்கூட்டினார்.
அரு. அருலம். அருலம்பா.
வாதம் இழுத்த வாய், பாதியில் நின்றது.
"கஷ்டமான பெயர். கூப்பிடச் சின்னதாக
வேறு ஏதும் இருக்கிறதா?"

இருக்கிறது.
மூன்றே எழுத்து, வீட்டில் கூப்பிடுவது.

"இல்லை, ஹெர் சௌக்" என்றேன்.
"இதையே கூப்பிடுங்கள். ஆறுதலாகப் பழகலாம்."
சட்டையின் கையைச் சுருட்டிப் பிடித்தேன்.
வலுவில்லாத பக்கம் முதலில்.
"இப்போது இடது கை."